கணக்கில் தீர்ந்த கடன்

எமது சங்கத்தின் கடந்த பொதுக்கூட்டத்திலே, அணையா விளக்கு ஒன்றுக்கு நிரந்தர உபயம் ஏற்படுத்தலாமா என்ற பேச்சு வந்தது அன்பர்கள் பலருக்கும் நினைவிருக்கும். ஒரு குடும்பம் ஆயிரத்தொரு பவுண்ஸை ஒரேமுறையாகச் செலுத்தினால் அதன் வட்டியில் விளக்கு என்றென்றும் எரியும் என்பது யோசனை. அப்போது பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து இப்படிச் சொன்னார்:

"எங்கட அப்பா 1974ஆம் ஆண்டு ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்கு ஆயிரம் ரூபா கட்டினவர். அந்த வட்டியில வெள்ளிக்கிழமை விளக்குக்கு எண்ணெய் விடவேணும் எண்டு எழுத்து. போன வருஷம் போன இடத்தில ஐயர் சொல்லுறார், முழு வருஷத்து வட்டிக்கும் ஒரு போத்தல் நல்லெண்ணெய் வராதாம். தம்பி, நீர் கணக்காளர்தானே. இதில ஆர் ஆரை ஏமாத்தினது?"

"அது பணவீக்கம் ஐயா" என்றேன். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நோய்க்குப் பெயரைச் சொல்லிவிட்டு மருந்து எழுதாமல் எழுந்து போகும் வைத்தியரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். அன்றிரவு வீட்டுக்கு வந்தபின்பும் அந்தப் பார்வை என்னை விடவில்லை. அவருடைய கேள்வி விளக்கைப் பற்றியது மட்டுமல்ல, எனது சொந்தக் கணக்கு ஒன்றையும் பற்றியது என்பதுதான் காரணம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் முன்னோர் இந்தச் சிக்கலை அறியாதவர்கள் அல்லர். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்குக் கொடுத்த தருமங்களைப் பார்த்தால், பல இடங்களில் பணம் கொடுக்கப்படவில்லை, ஆடு கொடுக்கப்பட்டிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு என்பது கணக்கு. ஆடுகளைப் பொறுப்பேற்ற இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். அந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடுகள். ஆடு சாகும், குட்டி ஈனும், எண்ணிக்கை மட்டும் நிற்கும். நெய்யின் விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? கோயிலுக்கு வரவேண்டியது நெய்யின் விலை அல்லவே, நெய். பணமாக வைத்த தருமங்களும் அக்காலத்தில் உண்டு. ஆனால் அவற்றிலும் வட்டியை நெல்லாக அளக்கும்படி எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இப்படி யோசித்த இனத்தின் பிள்ளைகள் நாம் ஆயிரத்தொரு பவுண்ஸுக்கு 'என்றென்றும்' என்று பற்றுச்சீட்டு எழுத முனைந்தோம். (நிர்வாக சபைக்கு என் பணிவான யோசனை: மாதமொரு குடும்பம் எண்ணெயாகவே பொறுப்பேற்கட்டும்.)

பணம் என்றால் என்ன என்று எங்களை யாராவது கேட்டால் உடனே சட்டைப் பையைத் தொட்டுக் காட்டுவோம். இந்த நாட்டு நோட்டை எடுத்துப் பாருங்கள். கேட்டவுடன் இத்தனை பவுண்ஸ் தருவதாக இங்கிலாந்து வங்கி அதில் இன்றும் உறுதி கூறி அச்சிட்டிருக்கிறது. வங்கி வாசலில் போய் அந்த உறுதியை நிறைவேற்றும்படி கேட்டால் கிடைப்பது இன்னொரு நோட்டுத்தான். ஒரு காலத்தில் அப்படியல்ல. 1914ஆம் ஆண்டு முதலாம் உலகப் போர் தொடங்கும் வரை, இந்நாட்டில் ஒரு பவுண் என்பது கையில் புழங்கிய தங்க நாணயம். இருபத்திரண்டு கரட், ஏறத்தாழ எட்டுக் கிராம். நாம் தாலிக்கொடியை இத்தனை பவுண் என்று சொல்வது அந்த நாணயத்தின் நிறையைத்தான். ஒரே சொல், ஒரே பொருள், ஒரே மதிப்பு. இன்று ஒரு பவுண் தங்கத்துக்குப் பல நூறு காகிதப் பவுண்ஸ் கொடுக்கவேண்டும். இரண்டுக்கும் இடையில் விழுந்த இந்த இடைவெளிக்குப் பெயர்தான் பணவீக்கம். எங்கள் வீட்டுப் பெண்கள் பொருளியல் படிக்காமலே பழைய பவுணைக் கழுத்தில் வைத்திருந்தார்கள். பட்டம் பெற்ற ஆண்கள் புதிய பவுணை வங்கியில் வைத்தோம்.

வீக்கம் என்ற சொல்லை யார் தேர்ந்தார்களோ தெரிந்துதான் தேர்ந்திருக்கிறார்கள். கால் வீங்கினால் அதைப் பார்த்து ஆள் கொழுத்துவிட்டான் என்று யாரும் சொல்வதில்லை. விரலுக்குத் தக்க வீக்கம் என்பார்கள். விரல் அப்படியே இருக்க வீக்கம் மட்டும் ஏறுவதுதான் இங்கே நோய். நாட்டில் விளைவதும் உழைப்பதும் முன்போலவே இருக்க, அவற்றைக் கோரும் சீட்டுகள் மட்டும் பெருகினால் ஒவ்வொரு சீட்டும் கோரக்கூடியது குறைகிறது.

விலையேற்றம் எல்லாமே பணவீக்கம் அல்ல என்பதை நான் படித்தது பல்கலைக்கழகத்தில் அல்ல. 1990களின் முற்பகுதியில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் நான் பள்ளிச் சிறுவன். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் படித்த தலைமுறை எங்களுடையது. கொழும்பில் செல்லுகின்ற அதே ரூபாதான் எங்கள் கையிலும் இருந்தது. வவுனியாவைத் தாண்டினால் அது ஓரளவு மண்ணெண்ணெயை வாங்கும், எங்கள் பக்கத்தில் அதில் சிறு பங்கைத்தான் வாங்கும். பணம் கெடவில்லை, பொருள் தடுக்கப்பட்டிருந்தது. சோதனைச் சாவடியின் இருபுறமும் ஒரே தாளுக்கு இரண்டு மதிப்பு இருப்பதைக் கண்ட பிள்ளைக்கு, தாளில் அச்சிட்ட எண் வேறு, அதன் பெறுமதி வேறு என்பதைப் பிறகு எந்த விரிவுரையாளரும் விளக்கவேண்டி இருக்கவில்லை.

ஆனால் தொழில் என்னை அதை மறக்கப் பழக்கியது. கணக்கியல் மாணவன் தொடக்கத்திலேயே படிக்கும் எடுகோள்களில் ஒன்று, நாணய அலகு மாறாதது என்பது. 1990இல் வாங்கிய காணியின் பவுண்ஸையும் சென்ற வருடம் வாங்கிய கணினியின் பவுண்ஸையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டுகிறோம். முழத்தையும் சாணையும் கூட்டுவது போன்ற காரியம் இது. மூன்று ஆண்டுகளில் விலைகள் மொத்தமாக நூறு சதவீதத்தை எட்டும் நிலை வந்தால்தான் சர்வதேச விதிகள் எங்களை நிறுத்தி, இனி அளவுகோலைத் திருத்து என்கின்றன. அதுவரை சிறிது சிறிதாகக் கரைவதைக் கணக்கு கண்டுகொள்வதில்லை. தொழிலுக்கு இது வசதி. இந்த வசதி நியாயமாகிவிடுமா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை ஒரு நாடு முழுவதுமே எதிர்கொண்ட சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 1914இல் ஜேர்மனியில் ஓர் அமெரிக்க டொலருக்கு 4.2 மார்க். 1923 நவம்பரில் அதே டொலருக்கு 4.2 இலட்சம் கோடி மார்க். போர்க்காலத்தில் கடன் வாங்கியே போரை நடத்திய அரசு, தோற்றபின் தன் செலவுகளுக்கு நோட்டை அச்சிட்டுக்கொண்டே போனதன் விளைவு. சம்பளத்தைக் கையில் வாங்கியவர்கள் அது கரையமுன் கடைக்கு ஓடினார்கள் என்ற கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். அதிகம் பேசப்படாதது கடன்காரர்களின் கதை. போருக்கு முன் வீட்டை ஈடு வைத்து வாங்கிய கடனை 1923இல் ஒரு கோழி முட்டையின் விலையில் தீர்த்துவிட முடிந்தது. தீர்த்தார்கள். ஹூகோ ஸ்டின்னஸ் என்ற தொழிலதிபர் கடன் வாங்கித் தொழிற்சாலைகளை வாங்கி, ஒன்றுமில்லாமற்போன மார்க்கில் கடனை அடைத்துப் பெரும் சாம்ராச்சியம் கட்டினார். மறுபக்கத்தில் ஈட்டுக் கடன் கொடுத்து அந்த வட்டியில் வாழ்ந்த விதவைகளும் ஓய்வூதியக்காரரும் தெருவுக்கு வந்தார்கள். சட்டம் என்ன சொன்னது? மார்க் என்றால் மார்க். ஆயிரம் வாங்கினாய், ஆயிரம் கொடுத்தாய், முடிந்தது.

1923 நவம்பர் 28ஆம் திகதி லைப்சிக்கிலிருந்த ஜேர்மனியின் உச்ச நீதிமன்றம் வேறுவிதமாகத் தீர்ப்பளித்தது. கடனை நல்லெண்ணத்தோடும் நேர்மையோடும் நிறைவேற்றவேண்டும் என்று குடியியற் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. பெறுமதியற்ற தாளை நீட்டி ஈட்டை மீட்பது அந்த நேர்மைக்கு விரோதம் என்றார்கள் நீதிபதிகள். எண்ணிக்கையின் பின்னால் ஒளிந்திருந்த பெறுமதியை ஒரு பெரிய நீதிமன்றம் வெளியே இழுத்து நிறுத்தியது. அரசாங்கம் கலங்கியது. 1925 யூலையில் ஒரு சட்டம் வந்தது: ஈட்டுக் கடன்களுக்குப் பழைய தங்க மதிப்பில் 25 சதவீதம். அரசே வாங்கிய கடன் பத்திரங்களுக்கோ 2.5 சதவீதம்தான். நாட்டிலேயே மிகப் பெரிய கடன்காரன் தன் விகிதத்தைத் தானே எழுதிக்கொண்டான்.

இங்கிலாந்துச் சட்டம் இதற்கு நேரெதிர்ப் பாதையில் வந்தது. முதலாம் எலிசபெத் இராணி 1601இல் அயர்லாந்துக்கென்று வெள்ளி குறைந்த கலப்பு நாணயம் அடித்தார். நல்ல நாணயம் செல்லுகின்ற காலத்தில் கடன் பட்ட ஒருவர் அந்தக் கலப்பு நாணயத்தை நீட்டினார். கடன் கொடுத்த இலண்டன் வர்த்தகர் மறுத்தார். வழக்கில் அரசியின் நாணயம் நாணயமே, எண்ணிக்கை சரியாயின் கடன் தீர்ந்தது என்று முடிவாயிற்று. அந்த மரபுதான் நானும் நீங்களும் இன்று இந்த மண்ணில் அடைக்கும் வீட்டுக் கடன்வரை வருகிறது. இதை அநியாயம் என்று தள்ளிவிடவும் முடியாது. ஒவ்வொரு கடனையும் அன்றன்றைய பெறுமதியில் அளக்கத் தொடங்கினால், தான் எவ்வளவு கடன்காரன் என்பதே எவனுக்கும் தெரியாமற்போகும். நீதிமன்றம் நகைக்கடையாகிவிடும். சட்டம் எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஆனால் சட்டம் போதுமென்று விட்ட இடத்தில் மனச்சாட்சியும் போதுமென்று விடவேண்டுமா?

இனி எனது கணக்கு. எழுதாமல் விடலாமா என்று நினைத்ததும் உண்மை.

2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நான் நாட்டைவிட்டுப் புறப்பட்டபோது முகவருக்குக் கொடுக்கக் காசு போதவில்லை. எனக்குச் சிறுவயதில் கணிதம் படிப்பித்த ரீச்சர் ஒருவர், திருமணமாகாதவர், ஓய்வு பெற்றபோது மொத்தமாகக் கிடைத்த பணத்திலிருந்து மூன்று இலட்சம் ரூபாவைத் தந்தார். எழுத்தில்லை, வட்டியில்லை. "எப்ப திருப்பித் தரவேணும் ரீச்சர்?" என்று கேட்டேன். "முதல்ல உயிரோட போய்ச் சேர். காசு எங்க ஓடிப்போகப் போகுது" என்றார்.

ஓடிப்போயிற்று. அதை ஓட விட்டவன் நான். முதலில் அகதி வழக்கு. வேலை செய்ய அனுமதியில்லாத காலம். அதற்குப் பிறகு அப்பா அம்மாவுக்கு, தங்கையின் கலியாணத்துக்கு, பரீட்சைக் கட்டணங்களுக்கு, வீட்டுக்கு முற்பணம். கேட்பவருக்கெல்லாம் கொடுத்தேன், கேட்காதவர் ரீச்சர் ஒருவர்தான். தீபாவளிக்குத் தொலைபேசி எடுப்பேன், அவர் பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார். கடன் இருவர் வாயிலும் வராது.

2022 வந்தது. வரிகளைக் குறைத்து, பற்றாக்குறையை மத்திய வங்கியின் அச்சிட்ட பணத்தால் நிரப்பி, கையிருப்பு டொலர் முடியும்வரை ரூபாவைச் செயற்கையாக நிறுத்தி வைத்திருந்த நாடு, மார்ச் மாதத்தில் அதைக் கைவிட்டது. டொலருக்கு இருநூறளவில் நின்ற ரூபா இரண்டே மாதங்களில் முந்நூற்று அறுபதளவுக்குப் போயிற்று. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாதென்று அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பின் வருடாந்தப் பணவீக்கம் 69.8 சதவீதம். எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்று மனிதர் செத்தார்கள்.

அந்த நாட்களில் எம்மவர் கைத்தொலைபேசிகளில் ஓடிய ஒரு பேச்சு உங்களுக்கும் நினைவிருக்கும்: இப்ப அனுப்பினால் லாபம். நானும் அனுப்பினேன். ஒரு பவுண்ஸுக்கு நானூற்று நாற்பது ரூபாவளவில் கிடைத்த ஒரு நாளில் ரீச்சரின் மூன்று இலட்சத்தை முழுதாக அனுப்பினேன். எனக்கு ஆன செலவு எழுநூறு பவுண்ஸுக்கும் குறைவு. கடன்பட்ட நாளில் ஒரு பவுண்ஸ் சுமார் நூற்றெண்பது ரூபா, அதாவது அவர் எனக்குத் தந்தது ஆயிரத்து அறுநூறு பவுண்ஸுக்கு மேல். அன்றிரவு நான் நிம்மதியாகப் படுத்தேன் என்பதையும் சொல்லிவிடவேண்டும். பதினாறு வருடப் பாரம் இறங்கியது என்று மனைவியிடம் சொன்னேன்.

"கிடைச்சுது தம்பி, சந்தோசம்" என்றார் ரீச்சர். அவ்வளவுதான். அந்தக் காசு என்ன வாங்கியது என்பது ஒரு வருடத்துக்குப் பிறகு வேறொருவர் மூலம் தெரிந்தது. வீட்டுக் கூரை திருத்த வைத்திருந்தாராம், கூரையின் ஒரு பக்கத்துக்குத்தான் போதியதாம்.

பெரியவர் கேட்ட கேள்விக்குப் பிறகு ஒருநாள் தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். எண்ணிக்கையால் அளந்தால் மூன்று இலட்சம், தீர்ந்தது. எனக்குக் கிடைத்த பவுண்ஸின் அளவால் அளந்தால் ஏழு இலட்சத்துக்கு மேல். இலங்கையின் நுகர்வோர் விலைகளால் அளந்தால், அவை அந்தப் பதினாறு ஆண்டுகளில் நான்கு மடங்களவுக்கு ஏறியிருந்தபடியால், பத்து இலட்சத்தைத் தாண்டும். தங்கத்தால் அளந்தால் தலை சுற்றும். அவர் தந்த காசுக்கு 2006இல் இருபது பவுணுக்கு மேல் வாங்கியிருக்கலாம். நான் அனுப்பிய காசுக்கு இரண்டு பவுண் கூட வராது. தங்கக் கணக்கில் நான் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட கடன்காரன்.

ஒரே கடன், நான்கு விடை. இதில் எது சரி என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. தங்கக் கணக்கு எனக்கு நியாயமாகப் படவில்லை. ரீச்சர் நகை வாங்குகிறவர் அல்லர், உலகச் சந்தையில் தங்கம் ஏறியதற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டவனும் அல்லன். பவுண்ஸ் கணக்கும் பொருந்தாது, அவர் பவுண்ஸில் வாழ்ந்தவரல்லர். எண்ணிக்கைக் கணக்குக்கு ஆதரவாக ஒரு வாதம் என்னிடம் இருந்தது: ரூபாவை விழுத்தியது நானா? இல்லை. மாமரத்தை உலுப்பியவன் நானல்லன். ஆனால் கீழே கூடையோடு நின்று பொறுக்கியவன் நான். அவருடைய இழப்பு காற்றில் போகவில்லை, ஒரு பங்கு என் வீட்டு முற்பணத்தில் இருக்கிறது. பணவீக்கத்தில் இதுதான் பொல்லாத அம்சம் என்று எனக்குத் தோன்றுகிறது. பறிபோனவர் இருப்பார், பெற்றவர் இருப்பார், பறித்தவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. பெரியவர் கேட்ட 'ஆர் ஆரை' என்பதற்கு நான் பதில் சொல்லத் திணறியது அதனால்தான். அவருடைய தகப்பனார் விடயத்தில் பெற்றவர் யாரென்று எனக்கும் தெரியாது. என் விடயத்தில் தெரியும்.

கடைசியில் நான் கேட்டுக்கொண்டது வேறொரு கேள்வி. அந்தக் காசை அவர் எனக்குத் தராமல் எதற்காக வைத்திருந்திருப்பார்? முதுமைக்கு. சோற்றுக்கும் மருந்துக்கும் கூரைக்கும். அப்படியானால் அளவுகோலும் அங்கேதானே இருக்கவேண்டும்?

தொலைபேசி எடுத்து, கணக்கை விளக்கி, மிச்சம் அனுப்புகிறேன் என்றேன். "விசர்க்கதை கதையாதை. கடன் முடிஞ்சுது" என்றார். நான் விடவில்லை. மறுபக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அப்பிடியெண்டால் எனக்குக் காசு வேண்டாம் தம்பி. பிறஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மாசம் மாசம் குளிசை வாங்கவேணும். அதை நீ பார்."

"எவ்வளவு வரும் ரீச்சர்?"

"அது ஒவ்வொரு மாசமும் ஒவ்வொரு விலை. எனக்குத் தெரியாது. நீதானே கணக்குப் பார்க்கிறவன்."

ஊரிலுள்ள மருந்துக்கடைக்காரர் மாதத் தொடக்கத்தில் விற்பனைச் சிட்டையைப் படம் பிடித்து அனுப்புவார், நான் கட்டுவேன். விலை என்னவென்று ரீச்சர் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. போன மாதம் ஒரு குளிசையின் விலை குறைந்திருந்தது.